துரை பங்களாவில் ஓர் இரவு: நானா பதில்கள்

பழைய தோட்டத்து வீடுகள் சொகுசு விடுதியாவது பற்றிப் போன இதழில் இரண்டு வரிதான் எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிக் கொழும்புக்கு எங்கோ ஓர் இடிந்த வீடு இருக்கிறது போலும். மீதிப் பாதிக்கு வீடே இல்லை. அவர்கள் கேட்ட கேள்விகள்தான் சூடு.

கே: மாளிகாவத்தைத் தொடர்மாடியில் மேல்மாடியில் இருக்கிறோம். பெந்தோட்டைப் பக்கம் ஒரு பழைய தோட்டத்து வீட்டில் ஓர் இரவு படுக்க டொலரில் கட்டுகிறார்களாமே! அப்படி என்ன அதிசயம் அங்கே?
– படியேறிக் களைத்தவர், மாளிகாவத்தை

ப: முதல் அதிசயம், படியேற வேண்டாம்.

நீங்கள் சொல்வது லுணுகங்க. தெத்துவ வாவிக்கரையில் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் கறுவாத் தோட்டம், இங்கிலீஷ்காரர் காலத்தில் இறப்பர்த் தோட்டம், நடுவில் ஒரு சாதாரண பங்களா. 1948இல் ஜெஃப்ரி பாவா அதை வாங்கினார். அப்போது அவர் கட்டடக் கலைஞர் அல்ல. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், பிறகு லண்டனில் பாரிஸ்டர் பட்டம், அதன் பிறகு கறுப்புக் கோட்டில் வெறுப்பு. இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகை வாங்கிக் குடியேறப் பார்த்தார், அது கைகூடவில்லை. ஊருக்கு வந்து, கைவிட்டுக் கிடந்த இந்த இறப்பர்த் தோட்டத்தை வாங்கி, இத்தாலியை இங்கேயே உண்டாக்கலாம் என்று மண்வெட்டி பிடித்தார், அதாவது பிடிக்க ஆள் வைத்தார். ஆசை இருந்தது, தொழில் தெரியவில்லை. அதனால் மறுபடி லண்டன் போய்க் கட்டடக்கலை படித்துத் தேறியபோது 1957. வயது 38. வீடு திருத்தத் தொடங்கித் தொழிலையே மாற்றிக்கொண்ட மனிதர். நாங்கள் வீடு திருத்தத் தொடங்கினால் அடகுக் கடையைத்தான் மாற்றுவோம்.

2003இல் அவர் இறக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், அந்தத் தோட்டத்தை நோண்டிக்கொண்டே இருந்தார். இப்போது அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அறைகள் வாடகைக்கு.

கே: பாவா என்றால் நம்மாளா?
– ஜும்ஆவுக்குப் பின் பேசியவர்களில் ஒருவர், மாளிகாவத்தை

ப: கால்வாசி. தந்தை பெஞ்சமின் பாவா பேர்போன வழக்கறிஞர். அவருடைய ஒரு பக்கம் முஸ்லிம், மறுபக்கம் ஆங்கிலேயர். தாய் பெர்த்தா ஷ்ராடர் ஒல்லாந்தப் பறங்கியர். ஜெஃப்ரியின் அண்ணன் பெவிஸ் பாவா நெடுநெடுவென்று ஆறரை அடி. ஆளுநர்களுக்கு மெய்க்காப்பு அதிகாரியாக இருந்தவர். அளுத்கமைப் பக்கம் களவிலவில் இன்னொரு இறப்பர்த் தோட்டத்தைப் பூந்தோட்டமாக்கியவர் அவர். ஆக, தோட்டப் பைத்தியம் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும்.

கே: முஸ்லிம், ஆங்கிலேயர், பறங்கியர் எல்லாரும் வந்தாயிற்று. கதையில் தமிழருக்கு இடமே இல்லையா?
– வெள்ளவத்தைக் கடற்கரையில் நடப்பவர்

ப: இருக்கிறது, கொங்கிறீட்டுக்குள். பாவாவின் நிறுவனத்தில் அறுபதுகளின் கடைசியிலிருந்து பங்காளியாக இருந்தவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம். பாவா கோடு கிழிப்பார். அந்தக் கோடு விழாமல் நிற்குமா என்று கணக்குப் பார்ப்பவர் அவர். 1982இல் திறந்த கோட்டே நாடாளுமன்றம் அந்தக் கூட்டணியின் வேலைதான். கட்டடம் இன்றும் உறுதியாக நிற்கிறது. உள்ளே நடப்பதற்குப் பொறியியலாளர் பொறுப்பல்ல.

கே: தோட்டத்தில் அப்படி என்னதான் செய்தார்? மரம் நட்டால் தானாக வளராதா?
– பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக்காரர்

ப: உங்கள் தொழில் தெரிந்ததால் உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். பழைய வண்டியின் எஞ்சினைக் கழற்றாமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றினார். அந்தப் பழைய பங்களா இன்றும் உள்ளே இருக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி விறாந்தை, முற்றம், திண்ணை என்று சேர்த்துக்கொண்டே போனதில் எது பழையது, எது புதியது என்று பிரிக்க முடியாது.

வீட்டிலிருந்து பார்த்தால் தெற்கே ஒரு மேடு. கறுவா மேடு என்பார்கள். அது வாவியை மறைத்தது. மேட்டின் உச்சியைச் சீவிவிட்டார். இப்போது விறாந்தையில் உட்கார்ந்தால் பார்வை புல்வெளியில் இறங்கி, மேட்டில் ஏறி, மகிழமரத்தடியில் வைத்த ஒரு பெரிய சீனச் சாடியைத் தொட்டு, வாவியைத் தாண்டி, தொலைவில் கட்டக்குலிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபத்தில் போய் நிற்கும். தாதுகோபம் அவருடையதல்ல, வாவியும் அல்ல. அவர் காசு கொடுத்தது சாடிக்கு மட்டும். அதற்குள் கண்ணுக்கெட்டியதெல்லாம் அவர் தோட்டமாகிவிட்டது. காணிச் சட்டத்தில் இதற்கு வழக்குப் போட முடியாது.

வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே ஊர்ப் பாதை ஒன்று போனது. மூட முடியாது, ஊராருக்கு வழி வேண்டும். பாதையைத் தாழ்த்திப் பள்ளத்தில் ஓடவிட்டு, மேலே பாலம் போட்டார். சைக்கிளில் போகும் ஆள் விறாந்தைக்குத் தெரியமாட்டார். அவருக்கும் விறாந்தை தெரியாது. எங்கள் வீதியில் நடைபாதைக் கடைக்காரரும் மாநகரசபையும் இத்தனை காலமாகக் கண்டுபிடிக்காத சமாதானம் அது.

அரலி மரம் இருக்கிறதே, கோயில் விகாரை வாசல்களில் வெள்ளையாகப் பூப்பது, அதன் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு வளைத்தார். கிளை இழுத்த பக்கம் போனது. மரம் தானாக வளரும்தான். தானாக வளர்ந்தது மாதிரித் தெரிய வைப்பதற்குத்தான் இத்தனை பாடு.

இன்னொன்று, மணிகள். தோட்டத்தில் ஆங்காங்கே மணிகள் தொங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். எந்த மணி அடிக்கிறதோ அதை வைத்து ஐயா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று வேலையாள் தெரிந்துகொண்டு தேநீரோடு வருவார். விருந்தினர் இந்த மணிகளைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மணிக்கு ஓடி வந்தவர்களை யாரும் படம் பிடித்துவைக்கவில்லை. இதைப் பற்றிக் கீழே ஹட்டன் கடிதத்துக்குச் சொல்கிறேன்.

கே: பழைய வீடு என்றால் பேய் இருக்குமே, நானா?
– இரவில் தனியே படுக்காதவள், மருதானை

ப: இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் போட்டிருப்பார்கள், தங்கச்சி.

கே: என் பாட்டி கொழுந்து பறித்த தோட்டத்துப் பக்கத்தில் துரை பங்களா இப்போது ஹோட்டல். அந்தக் காலத்தில் அவர் அதன் முன்வாசலை மிதித்ததே இல்லை. நான் கொழும்பில் கடையில் வேலை. காசு சேர்த்து ஒருநாள் போய்ப் படுத்து வரலாமா என்று யோசிக்கிறேன். பைத்தியமா எனக்கு?
– ஹட்டன்காரன், இப்போது கொட்டாஞ்சேனை

ப: இல்லை, தம்பி. இந்தக் கட்டு முழுவதிலும் புத்தியுள்ள கடிதம் உங்களுடையதுதான்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி, நோர்வுட், பொகவந்தலாவ பக்கமெல்லாம், பழைய துரை பங்களாக்கள் சில 2005இல் ஒரே விடுதியாகத் திறந்தன. சிலோன் டீ ட்ரெயில்ஸ் என்று பெயர். தில்மா தேயிலையின் மெரில் பெர்னாண்டோ குடும்பத்தினர் நடத்துவது. டின்சின் தோட்டத்து பங்களா 1888இல் கட்டியது. நெருப்பு மூட்டும் கணப்படுப்பு, ரோசாப் பாத்தி, புல்வெளியில் நாலுமணித் தேநீர். காலையில் கட்டிலுக்கே தேநீர் வரும். கொண்டுவருபவருக்கு இப்போது பட்லர் என்று பெயர். பாட்டியின் காலத்தில் அப்பு என்பார்கள். வேலை அதேதான்.

அந்த பங்களா எப்படி வந்தது என்ற வரலாறு விடுதியில் கிடைக்கும்: கோப்பி வந்தது, 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது, துரைமார் குதிரையில் வந்தார்கள். எல்லாம் உண்மை. துரை குதிரையில் வந்த அதே காலத்தில் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தவர்களும் இருக்கிறார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. துரையின் கல்லறை மட்டும் தேவாலயத்துப் பின்னால் எழுத்துப் பொறித்து அழகாக இருக்கிறது. சுற்றுலாப் பாதையில் அதுவும் ஒரு நிறுத்தம்.

பங்களா மேட்டில், தொழிலாளர் லயன் பள்ளத்தில். மேட்டிலிருந்து பார்த்தால் லயன் தெரியும், ஏனென்றால் பார்ப்பதுதான் துரையின் வேலை. விடியுமுன் தப்படிப்பார்கள். ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். லயன் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதற்குள் அடுப்பு, தொட்டில், மாமியார், மழை. நீங்கள் போய்த் தங்கினால் எனக்காக ஒரு வேலை செய்யுங்கள்: அளவுநாடா கொண்டுபோய் அந்த பங்களாவின் குளியலறைக்குள் எத்தனை லயன் அறை அடங்கும் என்று அளந்து எழுதுங்கள். இதழில் போடுகிறேன்.

ஒரு வருடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாவா லுணுகங்கவை வாங்கிய அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஒரு மனிதர் இத்தாலியைத் தேடி அலுத்து இந்த நாட்டில் தனக்கென்று ஒரு துண்டு மண்ணைத் தேர்ந்துகொண்ட வருடத்தில், இந்த மண்ணைத் தேயிலையாக்கிய லட்சக்கணக்கானவர்களுக்கு நாடே இல்லை என்றாயிற்று. அந்தக் கணக்கைத் தீர்க்கும் சட்டங்களில் முக்கியமான ஒன்று வந்தது 2003இல். இரண்டே வருடத்தில் பங்களா விடுதியாகத் திறந்தது. நாட்சம்பளத்தை 1,000 ரூபா ஆக்க வருடக்கணக்கில் போராடி 2021இல் கிடைத்தது. 2024இல் 1,350 ஆனது. பங்களாவின் ஓர் இரவு வாடகையை ரூபாவில் மாற்றி இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். விடையை நான் எழுதமாட்டேன். கல்குலேட்டர் உங்கள் கடையிலேயே இருக்கும்.

பங்களா விடுதியானது பிழை என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. பூட்டிக் கிடந்திருந்தால் கூரை விழுந்திருக்கும், ஓடு யாரோ வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போயிருக்கும். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலை ஆலை பூட்டிக் கிடந்து, 1996இல் ஹோட்டலாகி உயிர் பெற்றது. தேயிலை வாட்டும் மாடிகள் அறைகளாயின. நல்லதுதான். என் குறை ஒன்றே. வரலாற்றை விற்கிறவர்கள் முன்வாசலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பின்கதவால் வந்துபோனவர்களின் கதையையும் சேர்த்து விற்கட்டும். வாடகையை வேண்டுமானால் இன்னும் கூட்டட்டும்.

போங்கள், தம்பி. முன்வாசலால் போங்கள். கட்டில் தேநீர் வந்தால் எழுந்து நின்று வாங்காதீர்கள்.

கே: தங்கள் பூர்வீக வீட்டை யாராவது ஹோட்டலுக்குக் கொடுப்பார்களா? மானம் போகாதா?
– கண்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், மாளிகாவத்தை

ப: மானம் இருக்கும், ஓடு மாற்றக் காசு இருக்காது. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து ஒருவருக்கு 50 ஏக்கர்தான், வயல் என்றால் 25தான் என்றது. வளவ்வைக்காரருக்கு, அதாவது மாளிகைக்காரச் சிங்களப் பிரபுக்களுக்கு, சோறு போட்டது வளவ்வ அல்ல, அதைச் சுற்றியிருந்த காணி. காணி போன பிறகு மிஞ்சியது முப்பது தூணும் ஒழுகுகிற கூரையும் சுவரில் பாட்டனாரின் படமும். பிள்ளைகள் கொழும்பிலும் மெல்பேர்னிலும். உங்கள் கண்டிக்குப் பக்கத்திலேயே குன்னேபானவில் அமுனுகம வளவ்வ 1804இல் கட்டியது, கண்டி அரசு விழுவதற்குப் பதினொரு வருடம் முன்னால். 2005இல் அது விடுதியானது. அரசு போனபோதும் தாங்கிய கூரை, வாரிசுகள் பெருகியபோதுதான் தடுமாறியது.

கே: காலிக்கோட்டைக்குள் எங்கள் உம்மாவின் வீட்டை நல்ல விலை என்று விற்றோம். இப்போது அது ஹோட்டல். போன பெருநாளுக்குப் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போனால், வாசலில் நின்ற ஆள் “மெனு பார்க்கிறீங்களா, மேடம்?” என்கிறான். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.
– காலித் தாத்தா, தெமட்டகொடை

ப: “என் உம்மாவின் குசினி எங்கே என்று காட்டு, மெனு நான் சொல்கிறேன்” என்றிருக்கலாம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வெளிநாட்டார் காணி வாங்கினால் கட்டும் நூறு சதவீத வரியைக் கொஞ்சக் காலம் எடுத்துவிட்டார்கள். கோட்டைக்குள் நீங்கள் விற்றதும், உங்கள் பக்கத்து வீட்டார் விற்றதும் பெரும்பாலும் அந்தக் காலமாகத்தான் இருக்கும். விற்றதில் தப்பில்லை, தாத்தா. வீட்டை விற்றதோடு சேர்த்து ஊரையும் விற்றோம் என்பது பத்து வருடம் கழித்துப் பள்ளிவாசல் தொழுகை ஸஃப்பில் ஆள் குறைந்தபோதுதான் தெரிகிறது.

கே: வீட்டைப் பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோனார்களாமே, உண்மையா? எங்கள் வீட்டுக்காரர் சாமான் கட்டிலைக்கூடப் பெயர்க்க மறுக்கிறார்.
– ஐந்து வீடு மாறியவள், கிராண்ட்பாஸ்

ப: உண்மை. பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குப் பாவா அறுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு வீடு கட்டினார். நடுவில் முற்றம் வைத்த வீடு. நகரத்துக்குள் கிராமத்து நாற்சார் வீட்டை மறுபடி கொண்டுவந்த வீடு என்று கட்டடக்கலைப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் காணி தேவைப்பட்டது. 2009 அளவில் கல், கதவு, தூண், ஓடு ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, லொறியில் ஏற்றி, லுணுகங்கவுக்குப் பக்கத்தில் அப்படியே பூட்டினார்கள். 2016இல் வேலை முடிந்தது. இப்போது அதிலும் தங்கலாம். கிராமத்து வீடு நகரத்துக்கு வந்து, நகரத்து வீடாகப் பேரெடுத்து, மறுபடி கிராமத்துக்கே போய் விருந்தினர் விடுதியானது. மனிதர்களில் இப்படி ஓய்வு பெற்றவர்கள் குறைவு. உங்கள் வீட்டுக்காரரிடம் இலக்கமிடச் சொல்லிப் பாருங்கள்.

கே: செட்டியார் தெருவில் எங்கள் தாத்தா கணக்கெழுதினார். செட்டிநாட்டிலும் வீடுகளெல்லாம் ஹோட்டலாமே?
– கொட்டாஞ்சேனை வாசகர்

ப: ஆமாம். காரைக்குடியில் பங்களா என்ற விடுதி 1999இல் தொடங்கிவைத்தது. கானாடுகாத்தானில் ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய வீடு, அவள் பெயரிலேயே விசாலம் என்று நடக்கிறது. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், முகம் பார்க்கலாம் என்னும்படி வழுவழுத்த சுவர். இந்தத் தேக்கின் பணத்தில் ஒரு பங்கு நம் செட்டியார் தெருவிலிருந்தும் போனதுதான். இலங்கைத் தோட்டச் சொந்தக்காரருக்கும் வளவ்வைக்காரருக்கும் கடன் கொடுத்தவர்கள் அவர்கள். யோசித்துப் பாருங்கள்: கடன் வாங்கியவர் வீடும் ஹோட்டல், கடன் கொடுத்தவர் வீடும் ஹோட்டல். கணக்கெழுதிய உங்கள் தாத்தாவின் வீடு மட்டும்தான் இன்னும் வீடாக இருக்கிறது.

கே: யாழ்ப்பாணத்தில் அப்பாவின் நாற்சார் வீடு பூட்டிக் கிடக்கிறது. சகோதரங்கள் கனடா, லண்டன், நோர்வே. நான் வெள்ளவத்தையில் ஃபிளாட்டில். அதைச் சொகுசு விடுதியாக்கலாம் என்கிறான் மகன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை

ப: மகனுக்கு நல்ல யோசனை. உங்களுக்கு நல்ல வேலை. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பாரம்பரிய வீடு, பங்களா, ஹோம்ஸ்டே என்று வகை வகையாகப் பதிவு உண்டு, அது கடினமில்லை. கடினம் கிணற்றடியில் தொடங்கும். உறுதியில் யார் பெயர்? அப்பா காலமான பிறகு பங்கு பிரித்தீர்களா? தேசவழமையில் கூட்டுச் சொந்தக்காரருக்கு முன்வாங்கும் உரிமை வேறு இருக்கிறது. டொரன்டோவிலுள்ள தம்பி இருபது வருடமாக வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டார். வீட்டில் ஒரு வெள்ளைக்காரன் படுத்தான் என்று கேள்விப்பட்ட அன்றே பாசம் பொங்கும். முதலில் எல்லாரிடமும் எழுத்தில் கையெழுத்து, பிறகு கூரை, பிறகு கழிப்பறை. ஏசி கடைசி. முற்றத்தை மூடிக் கண்ணாடி போடலாம் என்று எந்தப் பொறியியலாளராவது சொன்னால், ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்த முற்றத்துக்குள் விழும் மழைக்குத்தான் ஆள் வருவார்கள்.

கே: இந்த இடங்களில் சாப்பாடு எப்படி?
– பசிக்காரன், மாளிகாவத்தை

ப: நம் வீட்டில் மண்சட்டியில் ஆக்கினால் ஏழ்மை. அங்கே அதற்கு மெனுவில் ஒரு பக்கம். சஹனில் ஆறுபேர் சேர்ந்து சாப்பிடுவதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

கே: நம்ம மாளிகாவத்தையில் இப்படியொன்று திறந்தால் ஓடுமா?
– அதே பசிக்காரன்

ப: கிரிக்கெட் நடக்கும் நாளில் ஓடும். 1986இல் கெத்தாராம மைதானம் திறக்குமுன் அந்த இடம் சதுப்பு. பிக்குமார் விகாரைக்கு ஓடத்தில் போனார்களாம். “ஓடத்துறைக் காட்சி அறை” என்று பெயர் வையுங்கள். பகலிரவு ஆட்டம் என்றால் விளக்கை அணைக்க முடியாது, தூக்கமும் கிடையாது. அதைத்தான் அனுபவம் என்று விற்கிறார்கள்.

கே: தங்கக் காசில்லை. பார்க்கவாவது வழியுண்டா?
– படியேறிக் களைத்தவரின் மனைவி, மாளிகாவத்தை

ப: உண்டு. மருதானையில் கரையோர ரயிலேறி அளுத்கமையில் இறங்குங்கள். அங்கிருந்து முச்சக்கரவண்டி, ஏறுமுன் விலை பேசுங்கள். லுணுகங்கவில் டிக்கெட் வாங்கித் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம், வழிகாட்டி கூட வருவார். நேரமிருந்தால் அண்ணனின் களவிலத் தோட்டத்தையும் பார்த்துவிடுங்கள். எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும், அங்கே மரங்களுக்குக் கொஞ்சம் சொந்தப் புத்தி விட்டுவைத்திருக்கிறார்கள். சோற்றுப் பார்சலை வெளியில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே போனதும் உங்கள் வீட்டுக்காரர் மணியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடம் மட்டும் மறக்காமல் கேளுங்கள், மேட்டைச் சீவியது யார் யார் என்று. பெயரேதும் சொன்னால் எனக்கு எழுதுங்கள். தபால் செலவு நான் தருகிறேன்.